ஹார்க்னெஸ் விளக்கடியில்

எங்கள் வீட்டு முற்றத்தை ஒட்டி, பூங்காவுக்குள் நுழையும் இடத்தில் நிற்கும் இரும்பு விளக்குக் கம்பம் நகராட்சியுடையது அல்ல, எங்களுடையது. என் தாத்தா ஹெக்டர் ஹார்க்னெஸ் நிறுத்தியது. அடிப்பீடத்தில் எங்கள் குடும்பப் பெயர் வார்ப்பிரும்பில் புடைத்து நிற்கும். எங்கள் ஊர் பெல்லமியில் மற்ற எல்லா இரும்புக் கம்பங்களையும் பிடுங்கிவிட்டு, பிளாஸ்டிக் போன்ற ஏதோ ஒன்றை நட்டபோது, நான் நகர்மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று ஒரே ஒரு வாக்கியம் பேசினேன். எங்கள் கம்பத்தை விட்டுவிட்டார்கள்.

அதற்கான மின்சாரமும் எங்கள் வீட்டிலிருந்தே போகிறது. நிலவறைச் சுவரில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அங்கிருந்து கம்பி முற்றத்து மண்ணுக்கடியில் ஓடிக் கம்பத்துக்குள் ஏறுகிறது. பொழுது சாயும்போது குடும்பத்தில் மூத்தவன் இறங்கிப்போய்த் தன் கையால் அதைப் போடவேண்டும்; விடிந்ததும் அணைக்கவேண்டும். தாத்தா போட்டார், அப்பா போட்டார், இப்போது நான். அப்பாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய மாலையில் கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் இறங்கிப்போய்ப் போட்டேன். ஒரு மாலையும் தவறியதில்லை.

குளிர்காலத்தில் இன்னொரு கடமையும் உண்டு. வாசல் நடைபாதையில் பனி இறுகி யாராவது வழுக்கி விழுந்தால் அது அந்த வீட்டுக்குத்தான் அவமானம். எங்கள் தெருவில் எல்லோரும் பனியை இளக்க உப்பு போடுவார்கள்; நான் எல்லோருக்கும் முன்பே போட்டுவிடுவேன். விளக்கடியில் மட்டும் ஒரு வாளி கூடுதலாகக் கொட்டுவேன். பூங்காவுக்குப் போகும் நாய்களும் அவற்றைப் பிடித்து வருபவர்களும் அந்த இடத்தில்தான் திரும்புவார்கள். எங்கள் பெயர் எழுதியிருக்கும் இடத்தில் யாரும் விழக்கூடாது.

சென்ற ஜனவரியில் ஒரு வாரம் பனி இளகியது. உப்பும் பனியும் சேர்ந்து விளக்கடி முழுவதும் சாம்பல் நிறக் கூழாகக் கிடந்தது. அந்த வாரத்தில்தான் அது தொடங்கியது.

முதலில் எல்மர் ஸ்டக்கின் வேட்டைநாய். எல்மர் என் வயதுக்காரன், மூன்று வீடு தள்ளி இருக்கிறான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டான். அவன் நாய் கிழடு. வருடக்கணக்காக மாலையில் எங்கள் கம்பத்தின்மேல்தான் காலைத் தூக்கும். அது எனக்குப் பிடிக்காது என்பது ஊருக்கே தெரியும். அன்று காலைத் தூக்கிய நாய் வீலென்று கத்திக்கொண்டு நடுரோட்டுக்குப் பாய்ந்தது. வந்துகொண்டிருந்த கார் சறுக்கி நின்றதால் தப்பியது.

"என்னப்பா ஆல்டன், கம்பத்துல மிளகாய்ப்பொடி கிளகாய்ப்பொடி தடவிட்டியா?" என்றான் எல்மர்.

"கிழட்டு நாய்க்கு மூத்திரக்கடுப்பா இருக்கும். டாக்டர்கிட்ட காட்டு" என்றேன்.

"எனக்கும்தான் இருக்கு. நான் ரோட்டுக்கா ஓடறேன்?"

நானும் சிரித்தேன். ஆனால் நாய் சிரிக்கும் நிலையில் இல்லை. எதிர்ப்பக்க நடைபாதையில் வாலைக் கால்களுக்கிடையே செருகிக்கொண்டு நின்று, கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு ரொவீனா பைக்கின் நாய். ரொவீனா கோடையில்தான் எங்கள் தெருவுக்குக் குடிவந்தாள். தனியாக இருக்கிறாள். டான்சி என்று ஒரு சின்ன நாய், பழுப்பு நிறம், ஒரு காது நிற்கும், ஒரு காது தொங்கும். இழுக்க இழுக்க நீளும் நாடா வைத்த பிளாஸ்டிக் பிடியில் அதைக் கட்டிக் கூட்டிப்போவாள். காலையில் அந்த நாய் விளக்கைத் தாண்டித் துள்ளிக்கொண்டு பூங்காவுக்குள் போகும். மாலையில் அதே இடத்துக்கு வந்ததும் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிடும். ரொவீனா கெஞ்சுவாள், பிஸ்கட் காட்டுவாள், கடைசியில் தூக்கிக்கொண்டு போவாள்.

அந்த வாரம் முடிவதற்குள் தெருவின் நாய்கள் எல்லாமே மாலையில் ரோட்டில் இறங்கி எங்கள் விளக்கைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. என் பிராக்கன் மட்டும் நேராகப் போனான்.

பிராக்கன் ஆடு மேய்க்கும் கோலி இனம். எங்கள் வீட்டில் எப்போதும் கோலி நாய்தான். நான் நின்றால் நிற்பான், நான் நடந்தால் என் இடது முழங்காலோடு ஒட்டி நடப்பான். அணிலைக் கண்டால்கூடத் திரும்பமாட்டான். இந்தக் குளிர்காலத்தில் உப்பு பட்டு அவன் பாதம் வெடித்து ரத்தம் கசிந்தது. என் தங்கை இசபெல் நான்கு சிவப்பு ரப்பர் பூட்ஸ் வாங்கிவந்து மாட்டினாள். எங்கள் வீட்டு நாய் எதுவும் பூட்ஸ் போட்டதில்லை. சர்க்கஸ் நாய் மாதிரி இருக்கிறது என்றேன். "ரத்தக்கால் மட்டும் குடும்பத்துக்கு அழகா?" என்று கேட்டாள். அவளோடு பேசி ஜெயிக்கமுடியாது. பேசாமல் விட்டுவிட்டேன்.

அந்தச் சிவப்பு பூட்ஸோடு பிராக்கன் தினமும் மாலையில் விளக்கடியைத் தாண்டிப் போனான், வந்தான். மற்ற நாய்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து அவனைப் பார்த்தன.

"நாய் மேல தப்பில்ல, வளர்ப்பு அப்படி" என்று ரொவீனாவிடம் ஒருநாள் சொன்னேன். அவள் டான்சியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மதியம் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் ஒரு தட்டு பட்டர் டார்ட் பலகாரம். இசபெல் காபி போட்டாள். ரொவீனா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"மிஸ்டர் ஹார்க்னெஸ், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க விளக்குல கரன்ட் கசியுதோன்னு எனக்கு பயமா இருக்கு."

"விளக்குல என்ன?"

"கரன்ட். உப்புத்தண்ணி வழியா தரைக்கு வருமாம். நாய்ங்க வெறுங்கால்ல நடக்குது, அதான் அதுங்களுக்குத் தெரியுது. காலையில விளக்கு அணைஞ்சிருக்கு, அப்ப எல்லாம் ஒழுங்காத்தானே போகுதுங்க."

"ராத்திரி வந்தா நிழலு விழும். பயந்த நாய் நிழலுக்கும் பயப்படும்."

"ஒரே ஒரு ராத்திரி அணைச்சு வைங்க. ஒரு எலக்ட்ரீஷியனக் கூப்பிட்டுப் பாத்துடலாம். வேற ஒண்ணும் கேக்கல."

எழுந்து நின்றேன். "அம்மா, என் தாத்தா போட்ட விளக்கு அது. புயல்ல ஏரித்தண்ணி தெருவுக்குள்ள வந்த அன்னிக்கும் எரிஞ்சுது. அந்த வெளிச்சத்தப் பாத்துத்தான் படகுக்காரங்க கரையேறினாங்க. ஒரு நாய் முரண்டு பிடிக்குதுன்னு நான் அத அணைக்க முடியாது."

"நாய் முரண்டு பிடிக்கல, சார். கும்பிடாத குறையா சொல்லுது."

அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். விளக்கருகே போய்க் கையால் கம்பத்தைத் தட்டிக் காட்டினேன். "பாருங்க. ஒண்ணுமில்ல." தோல் கையுறை போட்டிருந்தேன்; காலில் ரப்பர் அடிவைத்த பூட்ஸ். மதிய வெளிச்சம். விளக்கு இன்னும் போடவில்லை. அவள் என் கையுறையைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "சரி, சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உள்ளே வந்தபோது இசபெல் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் முதுகு என்னிடம் பேசத் தயாராக இருந்தது.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேக்க வேணாம்னா விடவா போற?"

"பிராக்கன் கால்ல என்ன இருக்கு?"

கதவோரம் கிடந்த சிவப்பு பூட்ஸைப் பார்த்தேன்.

"ரப்பர். நாம எல்லாரும் ரப்பர்லதான் நிக்கறோம். அந்தப் பொண்ணு நாய் மட்டும்தான் வெறுங்கால்ல நிக்குது. அது வளர்ப்பு சரியில்லன்னு சொல்லிட்டு வர்றீங்க."

"அப்ப நாளைக்கு பிராக்கனையும் வெறுங்கால்ல கூட்டிட்டுப் போறேன். விளக்கு எரியும்போதே. அந்தப் பொண்ணு பாக்கட்டும், எல்மர் பாக்கட்டும், தெருவே பாக்கட்டும்."

அவள் குழாயை மூடினாள். "அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆகாது."

"ஆச்சுன்னா, அண்ணா?"

ஹார்க்னெஸ் குடும்பத்தில் சொன்ன சொல்லை மாற்றுவதில்லை. அன்று மாலையும் நிலவறைக்கு இறங்கினேன். சுவிட்சின்மேல் கை வைத்தபோது பிராக்கன் படியின் உச்சியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். போட்டேன். சுவருக்குள் எங்கோ மெல்லிய ரீங்காரம் கேட்டது. எப்போதும் இருப்பதுதானா, இன்றுதான் கேட்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. காது கொடுத்துக் கேட்பது எனக்கே தகாத காரியமாகத் தோன்றியது. மேலே ஏறிவந்துவிட்டேன்.

மறுநாள் வானம் தாழ்ந்து ஈரமாக இருந்தது. மதியத்திலிருந்தே நுண்ணிய பனிச்சாரல் விழுந்து உருகிக்கொண்டிருந்தது. காலையில் நான் போட்ட உப்பு முழுவதும் விளக்கடியில் கரைந்து நின்றது. செய்தி எப்படிப் பரவியதோ, விளக்கு போடும் நேரத்தில் எல்மர் தன் காபிக் கோப்பையோடு எதிர்ப்பக்கம் வந்து நின்றான். அவன் நாயை வீட்டிலேயே விட்டிருந்தான். ரொவீனா டான்சியோடு எங்கள் வேலியருகே, விளக்கிலிருந்து நன்றாகத் தள்ளி நின்றாள்.

"ஆல்டன், டிக்கெட் வாங்கணுமா, இல்ல ஓசியா?" என்றான் எல்மர்.

"உனக்கு இலவசம். வயசானவங்க ஒதுக்கீடு."

அவன் சிரிக்கவில்லை. "வேணாம்ப்பா. விளையாட்டா சொல்லல. விட்டுடு."

விளக்கைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். கம்பத்தின் தலையில் மஞ்சள் வெளிச்சம். பீடத்தில் எங்கள் பெயரின் எழுத்துகள் ஈரத்தில் மின்னின. இசபெல் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முற்றத்தின் படியில் உட்கார்ந்து பிராக்கனின் பூட்ஸை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். வெறும் பாதம் என் உள்ளங்கையில் சூடாக இருந்தது. வெடிப்புகள் இன்னும் முழுக்க ஆறவில்லை. உப்புத்தண்ணீர் எரியும் என்று ஒரு கணம் நினைத்தேன். எழுந்து மரக் கைத்தடியையும் அவன் கழுத்து வாரையும் எடுத்தேன்.

"வா."

அவன் வந்தான். என் முழங்காலோடு ஒட்டி, தலை நிமிர்ந்து, எப்போதும் போல. வேலியைத் தாண்டினோம். ரொவீனாவைத் தாண்டினோம். நடைபாதை விளக்கை நோக்கி லேசாகச் சரியும் இடம் வந்தது. அங்கிருந்து சாம்பல் கூழ் தொடங்குகிறது.

பிராக்கன் நின்றான்.

இதுவரை நான் நடக்கும்போது அவன் நின்றதில்லை. "வா" என்றேன் மெதுவாக. முன்னங்கால் ஒன்றை நீட்டினான். பாதம் அந்த ஈரத்தைத் தொட்டது. தோள் முழுவதும் ஒரு நடுக்கம் ஓடியது. காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். கத்தவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் இன்னொரு முறை சொன்னால் அவன் போய்விடுவான் என்பது எனக்குத் தெரிந்தது. கால் நடுங்க நடுங்கப் போவான். அப்படித்தான் அவனை வளர்த்திருக்கிறேன்.

எல்மர் கோப்பையைக் கீழே இறக்கியிருந்தான். வார் என் கையில் தளர்ந்து தொங்கியது. இழுத்தால் போதும்.

நான் இழுக்கவில்லை.

"இசபெல்" என்றேன், திரும்பாமலே. "கீழ போய் விளக்க அணைச்சுடு."

மாலை வேளையில் எங்கள் வீட்டில் அதுவரை யாரும் சொல்லாத சொல் அது. அவள் செருப்புச் சத்தம் வீட்டுக்குள் ஓடியது.

அவள் நிலவறைப் படியில் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் பிராக்கன் அடித்தொண்டையில் ஒருமுறை முனகினான். டான்சிக்கு அவன்மேல் பிரியம் உண்டு. பூங்காவில் அவனைச் சுற்றிச் சுற்றி ஓடும். முனகல் கேட்டதும் பாய்ந்தது. ரொவீனா வாயைப் பொத்திக்கொண்டு எங்களையே பார்த்து நின்றிருந்தாள், நாடாவைப் பூட்டும் பொத்தானில் விரல் இல்லை. நாடா சரசரவென்று நீண்டுகொண்டே வந்தது. நாய் என் காலுக்குப் பின்னால் வளைந்து, பிராக்கனின் முகத்தை நோக்கி வந்து, ஈரத்தில் சறுக்கி, நேராக விளக்கடிக்குப் போனது.

அது எழுப்பிய சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. கால்கள் விறைத்தன. பக்கவாட்டில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே துடித்தது.

"டான்சி" என்று ரொவீனா ஓடிவந்தாள். பிடியைக் கீழே போட்டுவிட்டு, கையுறை இல்லாத இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள். கைத்தடியை அவள் மார்புக்குக் குறுக்கே வைத்துத் தடுத்தேன்.

"தொடாதே. தொட்டா நீயும் போயிடுவ."

"விடுங்க. என் நாய். விடுங்கய்யா." என் முகத்தில் அறைந்தாள். என் மூக்குக்கண்ணாடி எங்கோ தெறித்தது. நான் நகரவில்லை. எல்மர் ரோட்டைக் கடந்துவந்து பின்னாலிருந்து அவளைப் பிடித்துக்கொண்டான். "அவன் சொல்றத கேளும்மா, தொடாத, தொடாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

நாடாவின் பிளாஸ்டிக் பிடி ஈரத்துக்கு வெளியே கிடந்தது. தடியின் வளைந்த முனையால் அதைக் கொக்கிபோட்டு இழுத்தேன். நாடா ஓடியதே தவிர நாய் வரவில்லை. பொத்தானைத் தடியாலேயே நிலத்தோடு அழுத்தி மறுபடி இழுத்தேன். சின்ன உடல், ஆனால் ஈரத்தில் எருமைபோல் கனத்தது. ஒரு முழம் வந்தது. அப்போது எங்கள் தலைக்கு மேலே விளக்கு அணைந்தது.

தாத்தா காலத்திலிருந்து அந்த நேரத்தில் அந்த இடம் இருண்டதில்லை. நாயின் துடிப்பு நின்றது. ரொவீனா எல்மரின் பிடியிலிருந்து திமிறி, முழங்காலிட்டு அதை அள்ளினாள். வாயில் வாய் வைத்து ஊதினாள். எல்மர் தன் காரைக் கொண்டுவந்தான். இருவரும் நாய் மருத்துவரிடம் போனார்கள்.

நான் கண்ணாடியைத் தேடி எடுத்தேன். ஒரு சில்லு உடைந்திருந்தது. பிராக்கன் நின்ற இடத்திலிருந்து நகரவேயில்லை.

இசபெல் வாசலுக்கு வந்தாள். "அண்ணா, உள்ள வாங்க. குளிருது."

"பலகை ஒண்ணு எடுத்துட்டு வா. பெயின்ட்டும். நிலவறைல வேலிக்கு அடிச்ச கறுப்பு இருக்கும்."

"இப்பவா?"

"சுவிட்ச யாரும் தொடாம அதுமேல டேப் ஒட்டிட்டு வா."

படியில் உட்கார்ந்து வாசல் வெளிச்சத்தில் எழுதினேன். என் கையெழுத்து நேராக இருக்கும். அன்றும் நேராகவே இருந்தது. 'இந்த விளக்கு ஹார்க்னெஸ் குடும்பத்துடையது. இதில் மின்சாரம் கசிந்தது. இதனால் ஒரு நாய்க்கு அடிபட்டது. யாரும் அருகே வரவேண்டாம்.' இசபெல் என் தோளுக்கு மேலாகப் படித்தாள்.

"பேர் போடணுமா?"

"பீடத்துல போட்டிருக்கே. பலகையில இல்லாம எப்படி?"

பழைய சமையலறை நாற்காலி ஒன்றை, கம்பத்துக்கு அப்பால் பூங்காப் பக்கமாக, நடைபாதையின் குறுக்கே வைத்து அதன்மேல் பலகையைக் கட்டினேன். மறுபக்கத்தில் இன்னொன்று. மண்வாரியைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றேன். அந்த நேரத்துக்கு நாயோடு பூங்காவுக்கு வருபவர்கள் வந்தார்கள். ஒவ்வொருவரையும் நானே திருப்பி அனுப்பினேன். "எங்க விளக்குதான். சுத்திப் போங்க." கேட்டவர்கள் நாயைக் கிட்டத்தில் இழுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் போனார்கள். சிலர் பலகையைப் படித்துவிட்டு வீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன்.

இரவு உணவு நேரத்துக்குக் கொஞ்சம் பிறகு எல்மரின் கார் மெதுவாக வந்து ரொவீனா வீட்டு முன்னால் நின்றது. எல்மர் இறங்கிச் சுற்றிவந்து கதவைத் திறந்துவிட்டான். அவள் இறங்கினாள். கையில் நாடா சுருட்டிய பிளாஸ்டிக் பிடி மட்டும் இருந்தது.

தெருவைக் கடந்து அவள் வாசலுக்குப் போனேன். தொப்பியைக் கழற்றினேன்.

"என் விளக்கு" என்றேன். "என் கையாலதான் போட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். "தெரியும், மிஸ்டர் ஹார்க்னெஸ்" என்றாள். கதவை மூடிக்கொண்டாள். ஓங்கிச் சாத்தவில்லை.

திரும்பிவந்து பெயின்ட் டப்பாவைத் திறந்தேன். பலகையில் 'அடிபட்டது' என்ற சொல்லை அடித்துவிட்டு, மேலே 'செத்தது' என்று எழுதினேன். குளிரில் பெயின்ட் இறுகியிருந்தது. அந்தச் சொல் மட்டும் தடித்து விழுந்தது.

எல்மர் பக்கத்தில் வந்து நின்றான். அவனிடம் அன்று கேலி எதுவும் மிச்சம் இல்லை. "காலைல எலக்ட்ரீஷியன் வருவான், சொல்லியாச்சு" என்றான். "உன் நாய் இன்னும் அங்கயே நிக்குதுப்பா. உள்ள கூட்டிட்டுப் போ."

பிராக்கன் சரிவு தொடங்கும் இடத்தில், சாம்பல் ஈரத்தின் விளிம்பில் இருந்தான். வெறும் பாதங்கள். முதுகில் பனி படிந்திருந்தது. அவனுக்கும் எனக்கும் நடுவே அந்த ஈரமும் அணைந்த கம்பமும் இருந்தன. சுவிட்ச் அணைந்துவிட்டது, அதன்மேல் டேப் ஒட்டியாகிவிட்டது, இனி ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. என் சொல் ஒன்றுதான் அவனுக்கு அதைச் சொல்லமுடியும்.

"கூப்பிடு, வருவான்" என்றான் எல்மர்.

நான் கூப்பிடவில்லை. ரோட்டில் இறங்கி, நீளமாகச் சுற்றி, மற்ற நாய்கள் அந்த வாரமெல்லாம் போன வழியில் நடந்து அவனிடம் போனேன்.